உரியாவைக் கெட்டவனாக்காதீர்கள்: தாவீதைப் படமாக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாவீது ராஜாவின் கதையைத் திரைக்குக் கொண்டுவரும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும், முக்கியமாகத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

1985 மார்ச் கடைசியில் பாரமவுண்ட் நிறுவனம் 'கிங் டேவிட்' படத்தை வெளியிட்டது. செலவு 2 கோடியே 10 லட்சம் டாலருக்குக் குறையாது என்பார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலானது 51 லட்சம் சொச்சம். தாவீதாக நடித்த ரிச்சர்ட் கியரின் பெயர், ஆண்டின் மோசமான நடிகருக்குக் கொடுக்கும் ராஸ்பெரி விருதுப் பட்டியலில் ஏறியது. விமர்சகர்கள் கைவிட்டார்கள், ஜனங்களும் கைவிட்டார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து நீங்கள் மறுபடியும் தாவீதிடம் வந்திருக்கிறீர்கள். 2025 பிப்ரவரியில் அமேசான் பிரைமில் அவன் இளமையிலிருந்து தொடங்கும் தொடர் வந்தது. இன்னும் வரும் என்று நினைக்கிறேன். ஆடு மேய்த்த பையன், கவண்கல், ராட்சதன், பொறாமை பிடித்த ராஜா, கலகம் செய்த மகன் என்று எல்லாம் இருக்கிற கதையை யாரும் சும்மா விடமாட்டார்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். பழைய படம் எங்கே சறுக்கியது என்று நான் நினைக்கிறேனோ, அந்த இடத்தில் நீங்களும் சறுக்கிவிடக் கூடாது.

அந்தப் படத்தின் தோல்விக்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். கியர் அந்த வேடத்துக்குப் பொருந்தவில்லை என்று இயக்குநர் புரூஸ் பெரெஸ்ஃபோர்டே பிற்பாடு ஒப்புக்கொண்டார். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து தாவீதின் தலையில் எண்ணெய் வார்ப்பது முதல் தாவீது சாவது வரை வேதத்தில் 42 அதிகாரங்கள். படம் ஓடுவது 114 நிமிடம். அதிகாரம் ஒன்றுக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. ஆள் ஒருவனை அடையாளம் கண்டுகொள்வதற்குள் அவன் செத்துவிடுகிறான். இதெல்லாம் உண்மைதான். ஆனால் பெரெஸ்ஃபோர்ட் கைதேராத ஆள் இல்லை. இரண்டே ஆண்டுக்கு முன் அவர் எடுத்த 'டெண்டர் மெர்சிஸ்' படம் ராபர்ட் டுவாலுக்கு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்தது. நான்கு ஆண்டு கழித்து அவர் எடுத்த 'டிரைவிங் மிஸ் டெய்ஸி' அந்த ஆண்டின் சிறந்த படமானது. ஒளிப்பதிவாளர் டொனால்ட் மெக்அல்பைன். இத்தாலியின் தெற்கே மட்டேராவின் குகை வீடுகளையும், ஆளில்லாமல் கிடக்கும் கிராக்கோவின் கல்தெருக்களையும் அவர் காட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் பழைய ஏற்பாட்டின் புழுதி நம் மேல் படியும். அந்தப் பொறாமை பிடித்த ராஜா சவுலாக வந்த எட்வர்ட் உட்வர்டின் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கும் மனிதன் அவர். இத்தனை இருந்தும் படம் செத்தது.

நான் அதைப் பார்த்தது 1990 வாக்கில், திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர்க் கோயில் வளாகத்தில். கிறிஸ்துமஸ் விடுமுறை. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து பள்ளிக்கூட அறையில் வைத்து, கேசட் போட்டார்கள். முன்வரிசையில் பிள்ளைகள் தரையில், பின்னால் பெரியவர்கள் பெஞ்சில். ஆங்கிலம் புரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். வாலிபர் சங்கத்து அண்ணன் ஒருவர் நின்றுகொண்டே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே, பெயர் மட்டும் சொன்னாலே போதும். கோலியாத் விழுந்தபோது நாங்கள் கைதட்டினோம்.

உரியாவின் மனைவி பத்சேபாள் திரையில் வந்தாள். அந்த அண்ணன் சொன்னார்: "புருஷன் இவளைக் கொடுமைப்படுத்துதானாம். அதைத்தான் ராஜாட்ட சொல்லுதா."

என் பக்கத்தில் இருந்த ஆச்சி சட்டென்று நிமிர்ந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அறுபது வருஷம் காதால் கேட்டே வேதத்தை மனசில் வைத்திருந்தவள். "இல்லலா ஐயா, உரியா அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்றாள். கொஞ்சம் உரக்கவே சொன்னாள். சொந்தத்தில் ஒருவனைப் பற்றி யாரோ அவதூறு சொன்னால் எப்படிப் பதறுவாளோ அப்படி. படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆச்சி அதற்குமேல் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தாள்.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்த மடலில் உங்களிடம் கொண்டுவருகிறேன்.

உரியா எப்படிப்பட்ட ஆள்? சாமுவேலின் இரண்டாம் புத்தகம் பதினோராம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். மொத்தமே 27 வசனம். அம்மோனியரின் ரப்பா பட்டணத்தை இஸ்ரவேல் சேனை முற்றுகையிட்டிருக்கிறது. அந்த ரப்பா இருந்த இடம்தான் இன்றைய யோர்தானின் தலைநகர் அம்மான். ராஜாவோ எருசலேமில் தங்கிவிட்டான். சாயங்காலம் மாடியில் உலாவுகிறான், குளிக்கிறவளைப் பார்க்கிறான், யாரென்று விசாரிக்கிறான், ஏத்தியனான உரியாவின் மனைவி என்று பதில் வருகிறது. தெரிந்தே ஆள் அனுப்பி அழைப்பிக்கிறான். அவள் கர்ப்பமானதும் யுத்தகளத்திலிருந்து புருஷனை வரவழைக்கிறான், பழியை மூட.

வந்தவனிடம் ராஜா என்ன கேட்கிறான் தெரியுமா? சேனாபதி யோவாப் சுகமா, ஜனங்கள் சுகமா, யுத்தம் எப்படி நடக்கிறது. அவ்வளவுதான். வேதத்திலேயே இவ்வளவு கூசவைக்கும் குசலவிசாரிப்பை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கால் கழுவிக்கொள் என்று அனுப்புகிறான். பின்னாலேயே ராஜா வீட்டிலிருந்து சாப்பாடும் போகிறது. உரியா போகவில்லை. அரண்மனை வாசலில் சேவகர்களோடு படுத்துக்கொள்கிறான். ஏன் போகவில்லை என்று மறுநாள் கேட்டால், பெட்டியும் இஸ்ரவேலும் யூதாவும் கூடாரத்தில் இருக்கும்போது, என் தலைவனும் கூட்டாளிகளும் வெட்டவெளியில் கிடக்கும்போது, நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குடித்து மனைவியோடு படுப்பேனா என்கிறான். இஸ்ரவேலனாகப் பிறக்காதவன் பேசுகிற பேச்சு அது. கர்த்தரின் பிரசன்னத்துக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியை முதலில் சொல்கிறான் பாருங்கள். அடுத்து ராஜா அவனைக் குடிக்கவைத்துப் பார்க்கிறான். வெறித்த பிறகும் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

விடிந்ததும் தாவீது ஒரு கடிதம் எழுதுகிறான், யோவாபுக்கு. உரியாவை மும்முரமான போர்முகத்தில் நிறுத்தி, அவன் வெட்டுண்டு சாகும்படிப் பின்வாங்கிவிடுங்கள் என்று. அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான்.

இந்த மனிதனைக் கொடுமைக்காரக் கணவனாக மாற்ற உங்களுக்கு முன் வந்தவர்களுக்கு எப்படி மனது வந்தது?

காரணம் புரியாமல் கேட்கவில்லை. கதாநாயகன் மேல் கோபம் வந்துவிட்டால் படம் நிற்காது என்கிற பயம். அவன் செய்தது கொலைதான், ஆனால் செத்தவனும் ஒன்றும் யோக்கியன் இல்லை என்று காட்டிவிட்டால் பார்க்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள் என்ற கணக்கு. 1951இல் கிரிகரி பெக் தாவீதாக நடித்த படத்திலும் இதே கணக்குதான். அதில் உரியா மனைவியைவிட யுத்தத்தை நேசிக்கும் இறுகிய சிப்பாய். அந்தப் படம் ஓடியது, 1985 படம் ஓடவில்லை, ஆனால் இரண்டும் செய்த தப்பு ஒன்றே. 1985 படத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், உரியா சாகும் வரை காத்திருந்து முறையாகக் கல்யாணம் செய்துகொண்ட பிறகே தாவீது அவளைத் தொடுகிறான் என்றாக்கிவிட்டார்கள். அப்புறம் எதற்குக் கொலை? எதை மூட?

இந்தச் சலுகை சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இது மிகப் பழைய ஆசை. நாளாகமப் புத்தகம் தாவீதின் கதையைத் திருப்பிச் சொல்லும்போது பத்சேபாள் கதையையே விட்டுவிடுகிறது. தாவீது எருசலேமில் இருந்தான் என்று ஆரம்பித்து நேராக ரப்பா பிடிபட்டதுக்குத் தாவிவிடும். யூதர்களின் பழைய வேத விளக்க நூலான தல்மூதில், தாவீது பாவம் செய்தான் என்று சொல்கிறவன் தவறுகிறான் என்று வாதாடிய ரபிமார் உண்டு. போருக்குப் போகிறவர்கள் மனைவிக்குத் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார்கள், அதனால் அவள் அப்போது உரியாவின் மனைவியே இல்லை என்றும், உரியா ராஜாவின் சொல்லை மீறியதால் மரண தண்டனைக்கு உரியவன் என்றும் விளக்கம் சொன்னார்கள். நேசிக்கிற ராஜாவைக் காப்பாற்ற எத்தனை பாடு! அந்தப் பாட்டின் பின்னால் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. நானும் தாவீதின் சங்கீதங்களைச் சொல்லி ஜெபித்து வளர்ந்தவன்தான்.

ஆனால் சாமுவேலின் புத்தகத்தை எழுதியவன் அப்படிச் செய்யவில்லை. தன் ஜனத்தின் ஒப்பற்ற ராஜாவைப் பற்றி எழுதுகிறான். எழுதுகிறவனைச் சுற்றி அந்த ராஜாவின் வம்சத்தின் நிழல் இருந்திருக்கும். இருந்தும் கடிதத்தை மறைக்கவில்லை, சாப்பாடு அனுப்பியதை மறைக்கவில்லை, உரியா வாசலில் படுத்ததை மறைக்கவில்லை. 23ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் வருகிறது, மொத்தம் 37 பேர். அதில் கடைசிப் பெயர் எது? ஏத்தியனாகிய உரியா. எதேச்சை என்று என்னால் நம்ப முடியவில்லை. பட்டியலை வாசித்து முடிக்கிற ஒவ்வொருவன் நாக்கிலும் அந்தப் பெயர் கடைசியாக நிற்கவேண்டும் என்று எவனோ ஒருவன் முடிவுசெய்திருக்கிறான். ராஜாக்களின் முதலாம் புத்தகம் தாவீதைப் புகழும்போதும் உரியாவின் சங்கதி ஒன்றுதவிர என்று நிறுத்திச் சொல்கிறது. அதற்கும் எத்தனையோ தலைமுறை கழித்து, மத்தேயு தன் சுவிசேஷத்தை வம்ச வரலாற்றோடு தொடங்கும்போது சாலொமோனின் தாயான பத்சேபாளைப் பெயர் சொல்லி எழுதவில்லை. உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே எழுதுகிறார். இயேசுவின் வம்சப் பட்டியலில் செத்த சிப்பாயின் பெயர் ஏறிவிட்டது. இத்தனை பேர் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வைத்த ஒரு பெயரை, பார்வையாளர் முகம் சுளிப்பார் என்று நீங்கள் அழுக்காக்கலாமா?

உரியாவைக் கெடுத்தால் கூடவே நாத்தானும் கெட்டுப்போகிறான். தீர்க்கதரிசி வந்து ஐசுவரியவானும் தரித்திரனும் என்று கதை சொல்கிறானே, அதில் ஏழையிடம் இருப்பது ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப்போல வளர்ந்தது. ஐசுவரியவான் அதைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்தெழுந்து தீர்ப்புச் சொல்ல, நீயே அந்த மனுஷன் என்கிறான் நாத்தான். அந்த ஏழை தன் ஆட்டுக்குட்டியை அடித்து உதைப்பவன் என்றால் இந்தக் கதையில் என்ன மிஞ்சும்? நாத்தான் வாயைத் திறக்க என்ன உரிமை? 1985 படத்தில் தீர்க்கதரிசிகள் எல்லாம் ராஜாவின் மேல் பாரமாக ஏறி உட்கார்ந்திருக்கும் கடின மனிதர்களாகத் தெரிவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். அந்த அரண்மனையில் செத்துப்போன உரியாவுக்காகப் பேச வந்த ஒரே ஆள் நாத்தான். உரியாவுக்கு அநியாயம் நடந்ததாகவே படம் உணரவில்லையென்றால், நாத்தான் வெறும் தொந்தரவுதான்.

அந்தப் படத்தின் முடிவில் சாகக்கிடக்கும் தாவீது சாலொமோனிடம், தீர்க்கதரிசிகள் என்ன சொன்னாலும் உன் இருதயத்தின் உணர்வைப் பின்பற்று, தேவன் அதன் வழியாகத்தான் பேசுகிறார் என்கிறான். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மாடியில் நின்றபோது தாவீதுக்குப் பேசியது எது? ஆள் அனுப்பச் சொன்னது எது? இருதயம்தானே. அவனைத் திருப்பியது வெளியிலிருந்து, வாசல் வழியாக, வேண்டாத விருந்தாளியாக வந்தது. ஐம்பத்தோராம் சங்கீதத்தில், சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும் என்று கெஞ்சுகிறவன் தன் இருதயத்தை எவ்வளவு நம்பினான் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்சேபாளுக்கும் இதில் நியாயம் வேண்டும். அந்த அதிகாரத்தில் அவள் சொல்வதாக இருப்பது, தான் கர்ப்பவதி என்ற செய்தி மட்டும். ராஜா ஆள் அனுப்பினான், அவள் வந்தாள். புருஷன் செத்தான் என்று கேட்டபோது அவனுக்காகத் துக்கம் கொண்டாடினாள். இதைக் காதல் கதையாக்கத்தான் அவளுக்கு ஒரு கெட்ட புருஷன் தேவைப்படுகிறான். ராஜா அழைத்தால் போகாமல் இருக்க முடியாத ஒரு பெண் என்று எடுத்துப் பாருங்கள், எத்தனை கதை திறக்கும்! அவள் எலியாமின் மகள். பராக்கிரமசாலிகள் பட்டியலிலும் ஓர் எலியாம் இருக்கிறான், அகித்தோப்பேலின் மகன். இருவரும் ஒருவர் என்றால், தாவீதின் தலைசிறந்த ஆலோசகன் அகித்தோப்பேல் பத்சேபாளின் தாத்தா. பின்னாளில் அவன் தாவீதைக் கைவிட்டு, கலகம் செய்த மகன் அப்சலோமின் பக்கம் போனது ஏன் என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது. திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1985 படத்தில் எல்லாரும் கேலி செய்த ஒரு காட்சிக்காகவும் பேசவேண்டும். பெட்டி எருசலேமுக்கு வரும்போது கியர் அரைத்துணியோடு தெருவில் ஆடுகிறார். அந்த ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்காத விமர்சகர் குறைவு. எங்கள் பள்ளிக்கூட அறையிலும் சிரிப்பு எழுந்தது. பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: வேதத்திலும் ஒருத்தி அதே இடத்தில் சிரிக்கிறாள். சவுலின் மகளும் தாவீதின் மனைவியுமான மீகாள் பலகணி வழியாகப் பார்த்து, ராஜா அற்பனைப்போல ஆடினானே என்று இகழ்கிறாள். இதைவிடவும் நான் தாழ்ந்துபோவேன் என்பதே தாவீதின் பதில். அப்படியென்றால் அந்தக் காட்சி நம்மைக் கூசவைத்ததே அதன் பலம். நடிகன் அழகாகத் தெரியவேண்டும் என்ற கவலை இல்லாமல் எடுத்த காட்சி அது. நாம் எல்லாரும் மீகாளின் பலகணியில் நின்றுகொண்டு பார்த்தோம். தாவீதை அற்பனாகக் காட்ட அங்கே துணிந்தவர்கள், அவனைக் குற்றவாளியாகக் காட்டத் துணிந்திருந்தால்! அந்தத் துணிச்சல் இன்னும் அரைமணி நேரம் நீடித்திருந்தால் அது வேறு படமாகியிருக்கும்.

தாவீதை முழுக் குற்றவாளியாகக் காட்டினால் ஜனங்கள் அவனை வெறுத்துவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் நான் இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைச் சொல்லிவருகிறேன், பெரிய பிள்ளைகளிடம், எதையும் மறைக்காமல். கடிதத்தை உரியாவின் கையில் கொடுக்கும் இடம் வந்ததும் வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். கோபம் வரும். பிறகு அப்சலோம் செத்து, வாசல் மேல்வீட்டில் ஏறி, மகனே மகனே என்று தாவீது அழும்போது அதே பிள்ளைகளின் கண் கலங்கும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளால் ஒரே மனிதன் மேல் இரண்டையும் வைத்துக்கொள்ள முடிகிறது. காசு கொடுத்து வரும் பெரியவர்களால் முடியாதா?

எங்கள் பக்கத்தில் தாவீது என்று பெயர் வைக்காத குடும்பம் அபூர்வம். யோனத்தான், சாமுவேல், நாத்தான், சாலொமோன் எல்லாரும் இருக்கிறார்கள். உரியா என்று பெயர் வைத்த வீட்டை நான் பார்த்ததே இல்லை.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு காட்சி. எருசலேமிலிருந்து ரப்பாவுக்குப் போகும் வழி. மலையிலிருந்து இறங்கி, யோர்தானைக் கடந்து, எதிர்மலையில் ஏறவேண்டும். ஒரு சிப்பாய் தனியாகப் போகிறான். விட்டுவிட்டு வந்த கூட்டாளிகளிடம் திரும்பும் அவசரம் அவனுக்கு. ஊர்வரை வந்தும் எட்டிப் பார்க்காத வீடு பின்னால் இருக்கிறது. ராஜா தன் கையால் கொடுத்த கடிதம் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது. அதை அவன் பிரித்துப் பார்க்கமாட்டான், அவன் அப்படிப்பட்டவன். பின்னணி இசை வேண்டாம். 114 நிமிடத்தில் ஐந்து நிமிடத்தை அவனுக்குக் கொடுங்கள்.

அந்தக் காட்சி வந்தால் சொல்லி அனுப்புங்கள். ஆச்சி போய் வெகுகாலமாகிறது. நான் போய்ப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியன் ஒருவன்,
திருநெல்வேலி.